பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலே நான்காம் கட்டமா?

"பெட் ஸ்கேனில் நெஞ்சில் நெறிக்கட்டி ஒளிர்ந்தால் நுரையீரல் புற்று நான்காம் கட்டம், பயாப்சியே (திசுவை எடுத்துச் சோதிப்பது) வேண்டாம்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தப்பு அண்ணே. அந்த ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தை. காசநோயும் அப்படித்தான் ஒளிரும், நம்ம மலேசியாவில் அது அபூர்வமா என்ன? பினாங்கில் நுரையீரல் புற்று இருந்த என் மாமாவுக்கு நெஞ்சில் ஒளிர்ந்த நெறிக்கட்டியை, மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் எடுத்துச் சோதித்தால் அதில் புற்றணுவே இல்லை, அதனால் நுரையீரல் புற்றை எடுக்க ஆபரேஷனுக்கு அனுப்பினார்கள். அப்புறம், நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகளில் மட்டும் உண்மையிலேயே பரவியிருந்தாலும் அது இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டம்தான். நான்காவது என்பது மூளை, எலும்பு, கல்லீரல் மாதிரி இடங்களுக்குப் போனால். மூளை இயல்பாகவே சர்க்கரையை இழுப்பதால் அதற்குத் தனியாக எம்ஆர்ஐ எடுப்பார்கள்.