ஜெர்மனியில் மருத்துவம் இலவசமா?

‘ஜெர்மனியில் யாரும் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பதில்லை, எல்லாம் அரசாங்கச் செலவு’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

வரிப்பணத்தில் நடப்பது 1948-ல் தொடங்கிய பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஜெர்மனியின் வழி வேறு. 1883-ல் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க் காலத்தில் வந்த சட்டத்திலிருந்து வளர்ந்த கட்டாயக் காப்பீடு அது. மாதாமாதம் சம்பளத்தில் 14.6 சதவீதம் காப்பீட்டு நிதியத்துக்குப் போகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் கூடுதலாக ஒரு தொகை கேட்கும். பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கட்டுகிறார்கள். சம்பளம் கூடினால், ஓர் உச்சவரம்பு வரை சந்தாவும் கூடும்.

சரி, கட்டிய பிறகாவது இலவசமா? அதுவும் முழுக்க இல்லை. மருந்துக்கு விலையில் 10 சதவீதம், குறைந்தது 5 யூரோ, அதிகபட்சம் 10 யூரோ நாம் தர வேண்டும். 60 யூரோ மருந்து என்றால் கையிலிருந்து 6 யூரோ. ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, ஆண்டுக்கு 28 நாள் வரை.

ஆனால் ஏழைகளைக் கைவிடாத ஏற்பாடு இது. 18 வயதுக்குக் கீழ் பெரும்பாலும் இந்தக் கட்டணங்கள் கிடையாது. மற்றவர்களுக்கும் ஆண்டு வருமானத்தில் 2 சதவீதம்தான் வரம்பு. நாள்பட்ட நோயாளிகளுக்கு 1 சதவீதம். வேலையில்லாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா இல்லை. இதைத்தான் மெச்ச வேண்டும், இல்லாத இலவசத்தை அல்ல.

படிக்கப் போகும் நம் பிள்ளைகள் கவனிக்கவும்: காப்பீட்டுச் சான்று இல்லாமல் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர முடியாது.