முதல்ல பேசத் தெரியட்டும்

வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் "தமிழ் கத்துக்கணும், நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் நழுவிவிடுகிறேன். 'இத்தனை நாளில் தமிழ்' வகையறாவில் நான் புரட்டிப் பார்த்தவை பெரும்பாலும் "நான் கடைக்குச் செல்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. கடைக்குச் செல்லும் தமிழர் யாரையும் இதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் கடைக்குப் போறாங்க.

எங்கள் அலுவலகத்துக்கு போபாலிலிருந்து வந்த ஒருவர் இப்படி ஒரு புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, காய்கறிக் கடையில் போய் "எனக்கு அரை கிலோ தக்காளி தாருங்கள்" என்றிருக்கிறார். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. கடைக்கார அக்கா சிரித்துவிட்டு விரலைக் காட்டி விலை சொல்லியிருக்கிறார். அதே தெரு ஓட்டலில் வேலை பார்க்கும் அசாம் பையனோ எந்தப் புத்தகத்தையும் தொடாமல் "அண்ணா பார்சலா? சாம்பார் தனியா கட்டவா?" என்று போட்டுத் தாக்குகிறான். போபால்காரருக்கு ஒரே வருத்தம், தனக்கு மொழி வராதோ என்று. மொழி வராமல் இல்லை, அவருக்குக் கொடுத்தது செய்தி வாசிப்பவரின் தமிழ்.

இந்த இரண்டு தமிழுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது நமக்கு உறைப்பதே இல்லை. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருப்பதை "வந்துட்டிருக்கேன்" என்று யோசிக்காமல் மாற்றிக்கொள்கிறோம். புதிதாக வருபவருக்கு அது வேறு சொல். கைபேசி மொழிபெயர்ப்பும் உதவாது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011லேயே வந்துவிட்டது. ஆனால் எழுதி வைத்ததைத் தின்று வளர்ந்த இயந்திரம் எழுத்துத் தமிழைத்தானே பேசும்? ஆட்டோக்காரரிடம் போய் "நான் மயிலாப்பூருக்குச் செல்ல விரும்புகிறேன்" என்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். பேச்சுத்தமிழ் கொச்சை, அதற்கு இலக்கணம் ஏது, எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

படித்தேன் என்பது படிச்சேன் ஆகிறது. சிரித்தேன், சிரிச்சேன். வைத்தேன், வச்சேன். சரி, கொடுத்தேன் ஏன் 'குடுச்சேன்' ஆகவில்லை? பார்த்தேன் ஏன் 'பாச்சேன்' ஆகவில்லை? வினைச்சொல்லில் இ, ஐ, ய் இவற்றை அடுத்து வரும் த்த மட்டும்தான் ச்ச ஆகும். அதே இடத்தில் ந்த வந்தால் ஞ்ச: தெரிஞ்சது, முடிஞ்சது, காய்ந்தது காஞ்சது. முன்னால் இ, ஐ, ய் இல்லாததால் நடந்தது நடந்தபடியே இருக்கும். இன்னொன்று பாருங்கள். குடை 'கொடை' ஆகும், இலை 'எலை' ஆகும். ஆனால் குடி 'கொடி' ஆகாது, புலி 'பொலி' ஆகாது. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால்தான் முதல் எழுத்தின் உ ஒ ஆகும், இ எ ஆகும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிகூட இதில் சறுக்க மாட்டாள். இவ்வளவு ஒழுங்காக இயங்கும் ஒன்றைக் கொச்சை என்று சொல்ல நமக்கு மனசு எப்படி வருகிறது?

சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவருக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. இத்தாலியிலிருந்து பாதிரியாராக வந்து தமிழில் காப்பியமே எழுதியவர். அவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், அன்றாடம் புழங்கும் கொடுந்தமிழுக்குத் தனியாக இன்னோர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. ஊருக்குப் புதிதாக வரும் பாதிரியாருக்கு ஜனங்களோடு பேச என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சரி, எந்தப் பேச்சுத்தமிழ்? நெல்லையா, கோவையா, மெட்ராஸா?" நியாயமான கேள்வி. ஆனால் கோவைக்காரரும் நெல்லைக்காரரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பொதுவான ஒரு பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் ஓடுவதும் கிட்டத்தட்ட அதில்தான். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தவர்கள் இப்படியான பொதுப் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் பிள்ளைகள் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே போனால் அங்கே வேறு என்னதான் செய்வது?

எழுத்துத் தமிழை ஒழிக்கச் சொல்லவில்லை, கம்பை எடுக்காதீர்கள். கிரேக்கத்தில் 1976இல் அரசே தூய வழக்கைக் கைவிட்டுப் பேச்சு வழக்குக்கு மாறியது. அது அவர்கள் பாடு. யாழ்ப்பாணத்துக்காரரும் நாகர்கோவில்காரரும் இந்தப் பதிவைத் தட்டுத் தடங்கலில்லாமல் படிக்க முடிவது எழுத்துத் தமிழால்தான். அதை இழக்க நான் தயாரில்லை. முதல் பாடமாக வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

முதல் பாடம் என்னவென்றால், வேணும், வேணாம், தெரியும், தெரியாது, புரியுது, பிடிக்கும். இவற்றுக்கு நான், நீ, அவன் என்று விகுதி மாற்றும் தொல்லை இல்லை. எனக்கு வேணும், உங்களுக்கு வேணும், அவங்களுக்கு வேணும். அப்புறம் போகணும், போகலாம், போகலை, போகக்கூடாது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறாது. தமிழில் இப்படி ஒரு சுலபமான வாசல் திறந்தே கிடக்க, செல்கிறேன் செல்கிறாய் செல்கிறான் என்று ஆட்களைச் சுவரேறிக் குதிக்க வைக்கிறோம்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. யாராவது திக்கித் திணறித் தமிழில் ஆரம்பித்த உடனே ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். உதவி என்று நினைத்துச் செய்கிறோம், அவர் வாயை அடைக்கிறோம். அப்புறம் அந்த 'ழ' பரீட்சை. "வாழைப்பழம் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் வாளப்பளம்தான் சாப்பிடுகிறார்கள்.

எழுத்தை எப்போது ஆரம்பிப்பது என்றால், நாலு வார்த்தை பேச வந்த பிறகு, பஸ் போர்டில் ஆரம்பிக்கலாம். இந்திக்காரர்களுக்குத் தமிழெழுத்தில் பெரிய தலைவலி, ஒரே 'க' 'பக்கம்' என்பதில் ஒரு மாதிரியும் 'பங்கு' என்பதில் ஒரு மாதிரியும் 'பகல்' என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிப்பது. அந்த மூன்று சொல்லையும் ஏற்கெனவே பேசிப் பழகியவருக்கு அங்கே விதியே தேவைப்படாது.