ஒற்றை வகைத் தடுப்பு மருந்து பற்றி

'ரோட்டாவேக்கில் (ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கக் குழந்தைகளுக்குத் தரும் சொட்டு மருந்து) இருப்பது ஒரே ஒரு வைரஸ் வகை, ஊரில் சுற்றுவதோ பல வகை, அதனால் சொட்டு மருந்து வீண்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. அதில் இருப்பது 116இ என்ற ஒரே வகைதான். 1980களில் டெல்லியில் பச்சிளங்குழந்தையிடம் கிடைத்தது. மாட்டு வைரஸின் மரபணுத் துண்டு ஒன்று தானாகவே கலந்த மனித வைரஸ் அது. ரோட்டாவைரஸுக்கு மொத்தம் 11 துண்டுகள். இரண்டு வகைகள் ஒரே செல்லில் புகுந்தால் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து புது வகை பிறக்கும்.

ஆனால் முடிவு தப்பு. டெல்லி, புனே, வேலூரில் நடந்த இந்த மருந்தின் சோதனையில், பல வகைகள் சுற்றியபோதே, முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது. நூறு சதவீதம் இல்லைதான். அதற்காக 'வீண்' என்பதா?