துணி ரெடி, தையல் ரெடி, லேபிள் எங்கே?

திருப்பூரில் ஒரு ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது கடலைத்தான். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதி தாக்குதல் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில், ஐரோப்பாவுக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் கூடியது உண்மை. ஆனால் அது தெரிந்த தாமதம், திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சரக்கு தூத்துக்குடிக்கே கிளம்பாமல் ஃபேக்டரியில் கிடக்கும் நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பல நேரம் காரணம், சட்டையிலேயே விலை குறைந்த பொருளான லேபிள்.

நூலும் டையிங்கும் நம் ஊரிலேயே; ஒரு யூனிட் கைவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று. லேபிள் அப்படியில்லை. பையர், அதாவது ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம், பெயர் சொல்லி நியமித்த நாமினேட்டட் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும், அவர் பல நேரம் சீனாவிலோ ஹாங்காங்கிலோ இருப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தது பையர், தாமதத்துக்குப் பதில் சொல்வது மட்டும் எக்ஸ்போர்ட்டர். இது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

லேபிள், டேக், பை போன்ற துணைப்பொருட்களான டிரிம்ஸ் எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கேட்பதுதான் முதல் தப்பு. நெய்த மெயின் லேபிள் கழுத்துப் பட்டியோடு சேர்த்துத் தைக்கப்படும். அது வராவிட்டால் தையல் லைனே நகராது. துணிக் கலவையும் துவைக்கும் முறையும் அச்சான கேர் லேபிள் சைடு தையலுக்குள் போகும், அதுவும் தையலின்போதே வேண்டும். ஹேங்டேக், பார்கோடு ஸ்டிக்கர், பாலிபேக் எல்லாம் பேக்கிங்குக்கு வந்தால் போதும். ஆகவே கட்டிங் தொடங்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் முதல் இரண்டும் கையில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு அவசரமில்லை.

அடுத்தது எண்ணிக்கை. 18,000 டி-ஷர்ட், சைஸ் விகிதம் 1:2:2:1 என்றால் எஸ் 3,000, எம் 6,000, எல் 6,000, எக்ஸ்எல் 3,000. ஐந்து சதவீதம் கூட்டி மொத்தம் 18,900 என்று ஒரே எண்ணாக ஆர்டர் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வந்தபின் பார்த்தால் மொத்தத்தில் மிச்சம் இருக்கும், எம் சைஸில் 150 குறையும். சைஸ்வாரியாக ஆர்டர் போட்டு, பெட்டி வந்த அன்றே சைஸ்வாரியாக எண்ண வேண்டும். கூடவே கேர் லேபிளில் அச்சாகியிருக்கும் கலவையை ஆர்டரோடு ஒப்பிடுங்கள். 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் நூல்) கலந்த துணியில் '100% காட்டன்' என்று தைத்துவிட்டால் அத்தனையையும் பிரிக்கத்தான் வேண்டும்.

சீனாவில் லேபிள் வேலை நிற்கும் சீனப் புத்தாண்டும் அக்டோபர் முதல் வார விடுமுறையும் காலண்டரில் முன்பே இருக்கின்றன. இருந்தும் ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்படுகிறோம்!

லேபிளைக் கூரியரில் எடுக்கத் தயங்குவதும் வீண் சிக்கனம். 18,000 கேர் லேபிள் இருபது கிலோவைத் தாண்டாது. தேதி தவறி சரக்கை விமானத்தில் அனுப்பினால், சட்டை 150 கிராம் என்றாலே 2,700 கிலோ, அட்டைப்பெட்டி எடை தனி. கப்பல் வாடகையைப் பையர் ஏற்கும் எஃப்ஓபி ஆர்டரில்கூட, நம் தாமதம் என்று முடிவானால் அந்த விமான வாடகை பெரும்பாலும் நம் தலையில்தான்.

ஒரு சின்னப் பொருளால் வேலை நிற்பது டொயோட்டாவுக்கே நடந்தது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் உதிரிபாக நிறுவனமான ஐசினின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வை டொயோட்டா கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் வாங்கியது. கையிருப்பு சொற்பம், ஜப்பானில் அதன் கார் ஆலைகள் பல நாள் நின்றன. மற்ற சப்ளையர்கள் இரவுபகலாக அந்த வால்வைச் செய்து கொடுத்துத்தான் மீண்டார்கள். நாமினேட்டட் லேபிளை நாம் அப்படி வேறு இடத்தில் அடித்துக்கொள்ளக்கூட முடியாது, பையரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

அதனால் ஆர்டர் உறுதியாகும்போதே, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சண்டைசர் இரண்டு விஷயங்களை மெயிலில் வாங்கிவிட வேண்டும்: லேபிள் டிசைனுக்கு அப்ரூவல் தரும் கடைசித் தேதி, நாமினேட்டட் டிரிம்ஸ் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் ஷிப்மெண்ட் தேதியும் தள்ளும் என்ற ஒப்புதல். சண்டை வந்தபின் கேட்டால் தரமாட்டார்கள்.