அவன் கையில் இருக்கிற நூலை யாரும் பிடுங்கி வைக்க வேண்டாம்

நேற்று சாயங்காலம் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் போன் செய்தார். வருகிற முகூர்த்தத்தில் அவர் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை வந்து சேர்ந்ததா, எத்தனை பேர் வருகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பையனைக் கூட்டிட்டு வா கண்ணு, வேண்டாங்கல. மேடைகிட்ட மட்டும் அந்தக் கையை ஆட்டாம பாத்துக்க. வீடியோ எடுப்பாங்க பாரு."

அவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. என் பிரசவத்துக்கு ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அதனால்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அந்த 'சரி' உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பையனுக்கு 12 வயது. ஆட்டிசம் உள்ளவன், அதாவது மூளை வளர்ச்சியே வேறு விதமாக அமைந்தவன். பேச்சு குறைவு, ஆனால் வேண்டியதைக் கேட்டுவிடுவான். அவன் கையில் எப்போதும் ஒரு நூல் இருக்கும். ஒன்றரைச் சாண் நீளம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுனியைப் பிடித்து, வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டுவான். நூல் நெளிந்து இறங்கும், திரும்ப ஏறும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டால் இன்னும் மெதுவாகச் சுண்டுவான். மூச்சும் அதோடு சேர்ந்து மெதுவாகும். ரொம்ப சந்தோஷம் வந்துவிட்டால் நூலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தோள் உயரத்தில் படபடவென்று அடிப்பான். கூட்டம், சத்தம் என்றால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே சுருதியில் முனகுவான். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளவே எனக்கு நாலைந்து வருடம் ஆனது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்: 'ஆட்டுகிறான்'.

இதற்கு ஸ்டிம்மிங் என்று பெயர். தன்னைத் தானே தூண்டிக்கொள்வது என்ற பொருளில் வந்த சொல்லின் சுருக்கம். பெயர் எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. பல நேரம் அவன் தூண்டிக்கொள்வதில்லை, ஆற்றிக்கொள்கிறான்.

தாலாட்டு என்ற சொல்லையே பாருங்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. ராரிராரோ என்று ஒரே ஒலி, தூளியில் ஒரே வீச்சு, அழுகிற பிள்ளை அடங்குகிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது உடம்பை அமைதிப்படுத்தும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குக் காலகாலமாகத் தெரியும். பிள்ளைகளும் தாங்களாகவே அதைச் செய்கின்றன. எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 கைக்குழந்தைகளை முதல் வருடம் முழுக்க வீட்டுக்கே போய்ப் பார்த்து 1979இல் எழுதினார். காலை உதைப்பது, கையை வீசுவது, மண்டியிட்டு முன்னும் பின்னும் ஆடுவது என்று 47 விதமான அசைவுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாம் சாதாரணமாக வளர்ந்த பிள்ளைகள்.

வளர்ந்த பிறகு நாம் விட்டுவிடுகிறோமா? என் மாமனாரைச் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் நாற்பது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்து வெண்பட்டு நெய்தவர். முழங்கால் போய் தறியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்றும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அவர் பாதம் இரண்டும் மாறி மாறி அழுந்தும். வலது, இடது, வலது, இடது. மிதிக்கட்டை இல்லாத இடத்தில் மிதிக்கிறார். கரண்ட் பில் அதிகமாக வந்த அன்று வேகமாக மிதிப்பார். "மாமா, கால்" என்று ஒரு தடவை சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "அது பாட்டுக்குப் போகுதும்மா, நான் எங்க போட்டேன்" என்றார்.

என் பையனுக்கு முதல் நூலைக் கொடுத்ததும் அவர்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான். நாடா போய்வருகிற சத்தத்துக்குத் தானும் ஆடுவான். ஒருநாள் பாவு அறுத்த மிச்சத்திலிருந்து ஒரு இழையைப் பிய்த்து அவன் கையில் வைத்தார். டாக்டர், தெரபி, புத்தகம் என்று நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, அவர் யாரையும் கேட்கவில்லை. பார்த்தார், கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "நாமும் காலாட்டுகிறோம், நகம் கடிக்கிறோம், பேனாவைச் சொடுக்குகிறோம். அப்போ எல்லாருக்குமே கொஞ்சம் ஆட்டிசம்தான்" என்று தோழி ஒருத்தி சமாதானம் சொல்வாள். அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் அது சரியில்லை. மாமனாரின் காலை நான் சுட்டிக்காட்டினால் நின்றுவிடும், அவருக்கு ஒன்றும் ஆகாது. என் பையனின் நூலைப் பிடுங்கினால் அவனுக்கு அன்றைய பொழுதே தாங்காது. டியூப்லைட் இரைச்சல், மிக்சி, மல்லிகைப்பூ வாசம், பக்கத்தில் நாலு பேர் பேச்சு, சட்டைக் காலரின் உறுத்தல் என்று நமக்கு ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் நிற்கும். அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பலத்தில் வந்து மோதும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டிலேயே இந்தப் புலன் கூச்சம் 2013இல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. வெள்ளத்தில் நிற்கிறவன் பிடித்திருக்கிற கயிறும் நாம் திண்ணையில் சும்மா சுற்றுகிற கயிறும் ஒன்றில்லை. கயிறு ஒரே ரகமாக இருக்கலாம்.

லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் முதன்முதலாக விரிவாகப் பதிவானது. அதிலேயே பொருள்களைச் சுழற்றிவிட்டு மகிழ்கிற பையன் வருகிறான். மகிழ்ச்சி என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு இருபது வருடம் கழித்து, 1960களில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் அந்த அசைவுகளை நிறுத்தப் பிள்ளைகளை அதட்டினார், அறைந்தார், மின் அதிர்ச்சிகூடக் கொடுத்தார். கையை அடக்கினால்தான் பிள்ளை படிக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அடியும் ஷாக்கும் பெரும்பாலும் போய்விட்டன, அந்த நம்பிக்கை மட்டும் பல இடங்களில் போகவில்லை.

எங்கள் ஊரிலும் பார்த்தேன். அவனுக்கு ஆறு வயதில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். மேஜையில் உட்கார்ந்ததும் முதல் வேலை, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்காருவது. ஐந்து நிமிடம் ஆட்டாமல் இருந்தால் ஒரு பிஸ்கட். கை வெளியே வந்தால் பிஸ்கட் டப்பா மூடிக்கொள்ளும். வீட்டிலும் இதையே செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். நான்தான் செய்தேன். சோறு ஊட்டும்போதும் "கை கீழே, கை கீழே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதத்தில் கை அடங்கியது, எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம் அவன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். பல் பதிந்து தோல் தடித்து, அந்த வடு இன்றும் இடது கையில் இருக்கிறது. குளிப்பாட்டும்போது ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறேன். அந்த மையத்திலிருந்து நிறுத்திவிட்டு நூலைத் திரும்பக் கொடுத்தோம். கடிப்பது ஒரே நாளில் நிற்கவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது.

பேச முடிந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். 2019இல் 'ஆட்டிசம்' என்ற ஆய்விதழில் 32 பெரியவர்களிடம் பேசி எழுதிய கட்டுரை வந்தது. தாங்க முடியாத உணர்ச்சியையும் சத்தத்தையும் சமாளிக்க இந்த அசைவுகள் உதவுகின்றன, இதை ஒழிப்பதுதான் சிகிச்சை என்றால் அது எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். வெளியிடத்தில் பிறர் பார்வைக்குப் பயந்து மறைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது, தொடைக்கு அடியில் இருந்த அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடச் சொல்லவில்லை. போன வருடம் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். ஒரே பக்கம், ராத்திரியில் அதிகம். இதுவும் அவன் பழக்கம்தான் என்று பத்து நாள் விட்டுவிட்டோம். பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. பல்லைச் சரிசெய்த பிறகு அறைவது நின்றது. அவனால் 'பல் வலிக்குது' என்று சொல்ல முடியவில்லை, கை சொல்லியது. புதிதாக ஒரு அசைவு வந்தாலோ, இருந்தது திடீரென்று கூடினாலோ, உடம்பைக் காயப்படுத்தினாலோ முதலில் காது, பல், வயிறு பார்க்க வேண்டும். மலச்சிக்கல்கூடக் காரணமாக இருக்கும். தலையை முட்டுகிற பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும், ஏன் முட்டுகிறது என்று தேடவும் வேண்டும். நான் விடச் சொல்வது, யாருக்கும் கெடுதல் இல்லாத, பார்ப்பதற்கு மட்டும் வித்தியாசமாக இருக்கிற அசைவுகளை.

போன மே மாதம் ஏற்காடு பஸ்ஸில் போனோம். சேலத்திலிருந்து மலையேறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு வரும்போதெல்லாம் இவன் முன்னும் பின்னும் ஆடி முனகினான். எட்டாவது வளைவில் முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, பையன் எதையாச்சும் பாத்து பயந்துட்டானா? ஒருதடவை மந்திரிச்சுப் பாருங்களேன்." அப்படிக் கேட்ட அவரே ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடி, தாலிக்கொடியை நெஞ்சில் தேய்த்து, "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அவர் பயத்துக்கு அது துணை. "வளைவு அவனுக்கு வயித்தைக் கலக்குதுங்க, ஆடினா சமாளிச்சுக்குவான்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் கலக்குதுதான்" என்றார். பதினைந்தாவது வளைவு தாண்டி ஒரு ஆரஞ்சு மிட்டாய் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான், ஆட்டம் நிற்கவில்லை. அவரும் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் அதில் இருக்கிறது. கார்டு வாங்கலாம், சலுகை கேட்கலாம். ஆனால் மண்டபத்தில் ஒரு நூலைச் சுண்டிக்கொண்டு உட்கார எந்தக் கார்டைக் காட்டுவது? அந்த அனுமதி பெரியம்மா மாதிரி ஆட்களிடம்தான் இருக்கிறது.

அதனால், பெரியம்மா, நேற்று சொன்ன 'சரி'யை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் நாலு பேரும் வருகிறோம். கெட்டிமேளம் அவனுக்குத் தாங்காது, அந்த நேரம் நானோ அவன் அப்பாவோ அவனைக் கூட்டிக்கொண்டு வாசல் பந்தலுக்குப் போய்விடுவோம். சத்தம் அடங்கியதும் மேடைக்கு வந்து அட்சதை போடுவான், அது அவனுக்குப் பிடிக்கும், இரண்டு கையாலும் போடுவான். அப்புறம் சந்தோஷத்தில் கை படபடக்கும். வீடியோக்காரர் எடுத்தால் எடுக்கட்டும். சாப்பாட்டுப் பந்தியில் ஓரத்து இலை கிடைத்தால் நல்லது. நூல் அவன் சட்டைப் பையில் இருக்கும், மாமா இன்னொன்றும் தன் வேட்டி மடிப்பில் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.