கோபம் சர்ச் மீது, குண்டு அபே மீதா?

ஜப்பானில் 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக் கொன்ற யமகாமி, அபேயின் அரசியல் காரணமில்லை, தன் தாயிடம் பணம் கறந்த யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்பின் மீதுதான் கோபம் என்று சொன்னதை நான் படித்த ஒரு கட்டுரை நம்ப மறுக்கிறது. சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் கதை கட்டுகிறவன், முந்தைய நாள் விடியற்காலையிலேயே நாரா நகரில் அந்தச் சர்ச் இருந்த கட்டடத்தை ஏன் சுட வேண்டும்? சுவரில் குண்டு பட்ட தடம் கிடைத்ததே! தாய் கொடுத்தது சுமார் 10 கோடி யென், 2002இல் திவால். அதுவரை சரி. எனக்கு இடிப்பது வேறு இடம். 2021இல் சர்ச் சார்ந்த அமைப்பின் கூட்டத்துக்கு அபே வீடியோவில் வாழ்த்து அனுப்பினார். அதற்காகவா உயிரை எடுப்பது? சர்ச் தலைவியை நெருங்க வழியில்லை, அபே தெருவில் நின்று பேசினார், கைக்கு எட்டினார். எனக்கு இதுதான் பொருந்துகிறது.