வேர்க்கடலைக்கு 3 வயது வரை காத்திருக்க வேண்டாம்

'3 வயதுக்கு முன் வேர்க்கடலை கொடுத்தால் அலர்ஜி வரும்' என்று சொல்லப்படுவது பழைய அறிவுரை. அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-இல் அப்படிச் சொன்னது உண்மைதான். 2008-இல் அதைக் கைவிட்டுவிட்டது. 2015-இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், கடும் கரப்பானோ (எக்ஸிமா எனும் தோல் அழற்சி) முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில், ஒரு வயதுக்குள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு 5 வயதில் அந்த அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆறு மாதம் ஆகி, கஞ்சி சாப்பிடப் பழகியதும், வறுத்துத் தோல் நீக்கி மையாக அரைத்த விழுதைக் கால் ஸ்பூன் எடுத்து, வெந்நீரில் நன்றாகத் தளர்த்திக் கலந்து கொடுங்கள். பகலில் கொடுத்தால் கவனிக்க வசதி. ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடருங்கள். முழுக்கடலை மட்டும் 5 வயது வரை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடும் கரப்பான் உள்ள பிள்ளையென்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.